பறிமுதல் செய்யப்பட்ட பல்செட்டு

மேன்மைக்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவனும், தையற்கடைக்காரனும், தற்சமயம் ஜாமீனில் இருப்பவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். தங்கள் தங்கை என்னைவிட நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜாமீன் என்றதும் பதற வேண்டாம். வீட்டில்தான் இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு காவலர் நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. சிறை அதிகாரிகளுக்கு மதிலுக்கு வெளியேயும் ஆளை நிறுத்தவும், சோதனை போடவும், பொருளைப் பறிமுதல் செய்யவும், கைது செய்யவும் புதிதாக அதிகாரம் கொடுத்திருப்பது இப்போதைக்குச் சோதனை முறையில்தான் என்றும், அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற அறிக்கை சட்ட இலாகாவில் தங்கள் மேசைக்கே வந்திருக்கிறது என்றும், அந்த அதிகாரம் பெற்ற சிறைக்காவலர் ஒருத்தியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவன் என்ற முறையில் நான் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே வரியில் பதில் சொல்வதானால், மச்சான், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அதைப் பிடுங்கிவிடுங்கள். நாடு முழுவதும் முடியாவிட்டால் பரவாயில்லை, எங்கள் வீட்டளவிலாவது பிடுங்கிவிடுங்கள். அவள் குளிக்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி முடித்தாக வேண்டும் என்பதால் கையெழுத்து கொஞ்சம் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டு நிலவரம். சிறை வாசலில் இரண்டு கதவு உண்டு. வெளிக்கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் உள்கதவைத் திறப்பார்கள், இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் வேலை போய்விடும். முன்பெல்லாம் இந்த வழக்கத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அதிகாரம் வந்த நாள் முதல் அதையும் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடக்கிறாள். ஃப்ரிட்ஜ் திறந்திருந்தால் அடுப்படி அலமாரியைத் திறக்கக் கூடாதாம். பாலை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, சாத்தியதை இழுத்துப் பார்த்து, அப்புறம் சர்க்கரை டப்பாவுக்குப் போக வேண்டும். இது போதாதென்று, கைது செய்யப் பழக வேண்டுமாம். பழகுவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், நான்தான் இருக்கிறேன். ஒருநாள் கடையில் ஒரு கனத்த ஆசாமிக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து சத்தமில்லாமல் என் கையைப் பிடித்து முறுக்கினாள். அளவு நாடா என் கையில், நாடாவுக்கு நடுவில் அந்த ஆசாமியின் வயிறு. அவள் முறுக்க முறுக்க அவர் இடுப்பு சிறுத்துக்கொண்டே போய், கண் இரண்டும் வெளியே வந்துவிட்டன. பதற்றத்தில் அந்த அளவையே குறித்துக்கொண்டு தைத்தும் விட்டேன். பேன்ட்டை வாங்கிக்கொண்டு போனவர் இன்றுவரை என்னைத் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் போகிறார்.

இதெல்லாம் வீட்டுச் சங்கதி, பொறுத்துக்கொண்டேன். முதல் கைது நடந்தது பாருங்கள், அதிலிருந்துதான் எனக்குச் சனி பிடித்தது.

என் கடை சிறையின் பின்மதிலுக்கு நேர் எதிரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அன்று மத்தியானம் ஒரு மனுஷன் கடை வாசலில் நின்று மதிலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையில் துண்டில் முடிந்த சின்ன மூட்டை. கையைச் சுழற்றிப் பார்ப்பதும், மதிலின் உயரத்தைக் கண்ணால் அளப்பதும், பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். பாவம், தோள்வலிக்கு யாரோ பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குச் சாப்பாடு கொண்டு தெருமுனையில் வந்துகொண்டிருந்த உங்கள் தங்கைக்கு அப்படித் தோன்றவில்லை. மூட்டை முதல் தடவை மதிலில் மோதித் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை அவர் தலையிலேயே விழுந்தது. மூன்றாம் தடவை மதிலின் உச்சியில் பட்டுத் தெறித்ததை, சாப்பாட்டுப் பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் பிடித்தாள் பாருங்கள், எனக்கே கைதட்டத் தோன்றியது. இத்தனை நாள் பழகி வைத்திருந்த சட்ட வாசகம் எல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோய், வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியது மட்டும் வாயில் வந்தது. "உள்ளே போ!" என்று ஒரு அதட்டல். அந்த மனுஷனும் நடுங்கிப்போய், எந்த உள்ளே என்று தெரியாமல், என் கடைக்குள் ஓடி, துணி போட்டுப் பார்க்கிற அறைக்குள் போய்த் திரையை இழுத்து மூடிக்கொண்டார். முதல் கைது அங்கேதான் நடந்தது, கண்ணாடிக்கு முன்னால்.

மூட்டையைப் பிரித்தால் உள்ளே ஒரு பல்செட்டு. மேலும் கீழும் முழுசாக, இளித்துக்கொண்டு.

அந்த ஆள் ஒரு பூட்டுக்காரர். பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி, அந்த வேலை. பல்செட்டு அவருடைய மாமியாருடையது. மாமியார் உள்ளே இருக்கிறார். எதற்கு என்றால், மீட்டர் பார்க்க வந்தவரைக் கடித்ததற்கு. கோபம் வந்தால் கடிப்பாராம், தணிந்தால் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவாராம். போலீஸ் வந்தபோது தணிந்திருந்ததால் பல் வீட்டிலேயே தங்கிவிட்டது. மருமகன் நல்ல மனுஷன், பல்செட்டைச் சுத்தமாகக் கழுவி, சிறை வாசலுக்கு முறைப்படி எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். சிறை சூப்பிரண்டு வழக்குக் காகிதத்தைப் படித்துப் பார்த்தார், "பல்லால் கடித்துக் காயம் ஏற்படுத்தினார்" என்று இருந்தது. ஆகவே பல்செட்டு என்பது குற்றத்தில் பயன்பட்ட ஆயுதம், ஆயுதத்தை உள்ளே விட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மாமியார் பாலில் ஊறிய ரொட்டியை விழுங்கிக்கொண்டு கிடக்கிறார். உலகத்திலேயே மாமியாருக்குப் பல் கொடுக்கப் போராடுகிற ஒரே மருமகன் இவராகத்தான் இருப்பார் மச்சான், அவரைத்தான் உங்கள் சட்டம் முதலில் பிடித்தது.

பிடிபட்டவரைத் தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன். காய்கறிக்காரம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். அதைப் பார்த்து எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது, அதை மறைப்பானேன். ஆனால் சிறை வாசலுக்குப் போனதும் சந்தோஷம் வடிந்துவிட்டது. வாசலில் நின்றது இவளே பயிற்சி கொடுத்த பெண். சின்னக் கதவுவழியாக எட்டிப் பார்த்து, "அக்கா, வாரண்ட் இருக்கா?" என்று கேட்டாள்.

"வாரண்ட் எதுக்குடி? நானே பிடிச்சேன்."

"கோர்ட் காகிதம் இல்லாம மந்திரியே வந்தாலும் உள்ளே விடாதேன்னு நீங்கதானேக்கா சொல்லிக்குடுத்தீங்க?"

தன் மாணவி தேறிவிட்ட பெருமை ஒரு பக்கம், மாட்டிக்கொண்ட அவமானம் ஒரு பக்கம், உங்கள் தங்கையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்து காவல் நிலையம். அங்கே இருந்தவர், "நாங்க பிடிக்காத ஆளை நாங்க எப்படிம்மா வச்சுக்கிறது? எங்களுக்கு இன்னும் உத்தரவு வரல" என்று கையை விரித்துவிட்டார். மாஜிஸ்ட்ரேட் மறுநாள்தான் வருவாராம். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், கைதானவரை "உரிய இடத்தில்" வைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. எது உரிய இடம் என்று போடவில்லை. அந்த வரி யார் எழுதியது என்று நான் கேட்கப் போவதில்லை மச்சான், உங்கள் நடை எனக்குத் தெரியும். கடைசியில் உரிய இடமாக எங்கள் வீடு ஆயிற்று.

வீட்டுக்குக் கூட்டி வந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். பிறகு சூப்பிரண்டிடம் பேசி வருவதாகச் சொல்லி, என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போய்விட்டாள். கதவிலேயே பதித்த எங்கள் வாசல் பூட்டு நீங்கள் அறியாததா, திறந்தாலும் மூடினாலும் அடித்த நாய் மாதிரி ஊளையிடும். அந்தச் சத்தம் கேட்டுப் பூட்டுக்காரர் முகம் சுளித்தார். "இதை வச்சுக்கிட்டு எப்படிண்ணே தூங்குறீங்க?" என்றார். பேச்சு அப்படியே போய்க்கொண்டிருந்தது. அவர் மாமியாரைப் பற்றிச் சொன்னார், நான் என் மைத்துனரைப் பற்றிச் சொன்னேன். திடீரென்று எனக்கு ஞாபகம் வந்தது. கடையில் இஸ்திரிப் பெட்டியை ஒருவருடைய பேன்ட்டின் மேல் வைத்தது வைத்தபடி வந்திருக்கிறேன். யாருடைய பேன்ட் என்பது இங்கே முக்கியமில்லை.

கதவைத் தட்டினேன், கத்தினேன். கேட்க ஆள் இல்லை. பூட்டுக்காரர் என் சட்டையைப் பார்த்தார். தையற்காரன் சட்டையில் எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்கும். "அதைக் குடுங்கண்ணே" என்றார். கொடுத்தேன். தும்மி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. மச்சான், சட்டப்படி நான் அங்கே என்ன செய்திருக்க வேண்டும்? கைதியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். நானோ அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன், தனியாக விட்டுவிட்டுப் போனால்தானே தப்பு என்று நினைத்து. அவருக்கு என்னைவிட வயசு குறைவு, கால் நீளம், முன்னால் ஓடினார். காவல்காரன் நான் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினேன். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? "பிடி, பிடி!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "பிடிக்காதீங்க, அவர்தான் முதல்ல போகணும்!" என்று நான் கத்தினேன். கடைக்குள் பாய்ந்து ஒயரைப் பிடுங்கியது கைதிதான். கடையே எரிந்துபோயிருக்கும், அவரால்தான் பிழைத்தது. அப்புறம் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக வீட்டுக்கு வந்தோம். அவரே எங்களை உள்ளே வைத்து, அதே ஊசியால் பூட்டினார். பூட்டியவர் அத்தோடு விட்டிருக்கலாம். தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெயைக் கடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். "கையோட இதையும் சரி பண்ணிடுறேண்ணே, கேக்கவே பாவமா இருக்கு" என்று பூட்டுக்கு எண்ணெய் விட்டார். என்னைக் கவிழ்த்தது அந்த எண்ணெய்தான்.

உங்கள் தங்கை வந்து சாவியைப் போட்டாள். கதவு திறந்தது. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள். பூட்டை ஒரு தடவை மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள், திறந்தாள். ஒரு முனகல் இல்லை. சிறையில் இருக்கிற பூட்டெல்லாம் அவளுக்குச் சத்தத்திலேயே அத்துப்படி, கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கதவு என்று சொல்லுவாள். என்னைப் பார்த்தாள். "பூட்டு ஏன் கத்தல?" என்று மெதுவாகக் கேட்டாள். அது திருந்திவிட்டது என்றேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். உடனே, கைதி தப்பிக்க உதவிய குற்றத்துக்காக என்னைக் கைது செய்தாள். "இனி நீங்க எதுவும் பேச வேண்டாம்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்வதுதான், இப்போது சட்டப்படி சொன்னாள்.

சிரிக்காதீர்கள் மச்சான், அடுத்ததையும் கேளுங்கள். எங்கள் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். "முதல் கைதுங்க" என்றாள். "அதுலயே ஆள் வெளியே போயிட்டான்னு எழுதணும். சாவியைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறவளுக்கு எதுக்கு இந்த அதிகாரம்னு நாளைக்குச் சொல்லுவாங்க. எங்க அண்ணனே சொல்லும்." எழுதாமல் விட்டுவிடேன், யாருக்குத் தெரியப் போகிறது, திரும்பித்தான் வந்துவிட்டோமே என்றேன். "எனக்குத் தெரியுமே" என்றாள். மச்சான், விசேஷ வீடுகளில் நாலு பேர் நடுவில் நீங்கள் அவளை "எங்க வீட்டுச் சாவிக்கொத்து" என்று கூப்பிடுவீர்களே, எல்லாரும் சிரிப்போமே, அவளும் சிரிப்பாளே. அது வெறும் சிரிப்பில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்போது கூடத்திலிருந்து பூட்டுக்காரர் குரல் வந்தது. "அம்மா, என்னை எத்தனை நாள் வேணும்னாலும் வச்சுக்குங்க. அத்தை மட்டும் ஏதாவது மென்னு சாப்பிட ஒரு வழி பண்ணுங்கம்மா." உங்கள் தங்கை எழுந்து, தொப்பியை மாட்டி, சட்டப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக, பல்செட்டை ஒரு டம்ளரில் போட்டு மூடி, முத்திரை வைத்து, சிறைக்கு எடுத்துப் போனாள். சூப்பிரண்டு குதித்திருக்கிறார். இவள் அமைதியாக, "சார், இது நான் பறிமுதல் பண்ணின பொருள். பறிமுதல் பண்ணின அதிகாரி அதை உரியவர்கிட்ட காட்டி அடையாளம் கேக்கணும்னு புதுச் சட்டத்துல இருக்கு. பல்செட்டைப் போட்டுப் பார்க்காம எப்படி சார் அடையாளம் சொல்லுவாங்க? போட்டு, மென்னு பார்த்தாத்தானே தெரியும்?" என்றாளாம். பழைய சட்டத்தில் இதற்கு வழியே இல்லை, புதுச் சட்டத்தில் மறுக்க வழியில்லை. அந்தம்மா பல்லைப் போட்டுக்கொண்டு முழுச் சாப்பாட்டையும் மென்று சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "உறுதியாச் சொல்ல முடியலையேம்மா. காலையில இன்னொரு தடவை பார்த்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். காலையிலும் சந்தேகம் தீரவில்லை. மத்தியானமும் தீரவில்லை. இன்றுவரை வேளை தவறாமல் அடையாளம் காட்டும் படலம் நடந்துகொண்டிருக்கிறது. நேற்று, "கடினமா ஏதாவது இருந்தா சீக்கிரம் கண்டுபிடிச்சிடுவேன், கடலை கிடலை கிடைக்குமா?" என்று கேட்டாராம்.

மறுநாள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் எங்களை நிறுத்தினாள். தப்பி ஓடிய விவரத்தை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்திருந்தாள். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். "தப்பிச்சுப் போய், திரும்பி வந்து, தங்களையே பூட்டிக்கிட்டு, பூட்டுக்கு எண்ணெயும் போட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா" என்றாள். பூட்டுக்காரரைச் சொந்தப் பொறுப்பில் விட்டார். எனக்கு ஜாமீன் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கடைத்தெருவில் ஒருவனும் முன்வரவில்லை. கடைசியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? கைது செய்தவளேதான். இந்தப் பக்கம் நின்று பிடித்தவள், அந்தப் பக்கம் போய் நின்று வாங்கினாள். வழக்கு முடிகிறவரை நான் அவள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மச்சான், இதற்கு நான் கல்யாணம் செய்துகொண்ட அன்றே கையெழுத்துப் போட்டாயிற்றே.

ஆகவே, தங்கள் அறிக்கையில், இந்த அதிகாரம் வீட்டுக்கு ஆகாது, கடைக்கு ஆகாது, பூட்டுக்கும் ஆகாது என்று கொட்டை எழுத்தில் எழுதி, உடனே திரும்பப் பெற ஏற்பாடு செய்யும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நான் பால் ஒரு கையில் சர்க்கரை ஒரு கையில் என்று தேநீர் போட்டு வெகுநாளாகிறது.

தங்கள் குடும்பம் குறைவில்லாமல் நிறைந்திருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பெரியவர்களுக்கு என் வணக்கம். யாரும் யாரையும் பூட்டாமல் எல்லாரும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் சட்ட அறிவையும் நம்பியிருக்கும்,
தங்கை கணவன்.

பி.கு.: உறையில் போடுவதற்குள் அவள் வந்துவிட்டாள். கண்காணிப்பில் இருப்பவர் எழுதும் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டுமாம், சிறையில் தினமும் செய்கிற வேலைதானே. ஈரத் தலையைத் துண்டில் முடிந்துகொண்டு, வேண்டாத வரிகளை அடிக்கிற நீலப் பென்சிலோடு உட்கார்ந்தாள். கடிதத்தில் துணி போட்டுப் பார்க்கிற அறை வந்த இடத்தில் சிரித்தாள். அவள் தொப்பியோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்த இடம் வந்தபோது பென்சில் நின்றுவிட்டது. சரி, அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. ஓரத்தில் "படிக்கப்பட்டது, தடையில்லை" என்று கையெழுத்துப் போட்டு என்னிடமே நீட்டினாள்.

"உங்க அண்ணன் இதைப் படிச்சா அதிகாரம் போயிடும், தெரியும்ல?" என்று கேட்டேன்.

"தெரியும்ங்க. அதுக்காக இதை அடிக்கிறதுக்கா எனக்கு அதிகாரம் குடுத்தாங்க?" என்று சொல்லிவிட்டு, அந்தம்மாவுக்குப் பல் கொண்டுபோக நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டாள்.

மச்சான், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அந்தக் கையிலிருந்து ஒன்றையும் பிடுங்காதீர்கள். முடிந்தால் இன்னும் நாலு அதிகாரம் சேர்த்துக் கொடுங்கள், நான் பாலைத் தனியாகவும் சர்க்கரையைத் தனியாகவும் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த விசேஷத்தில் அவளைச் சாவிக்கொத்து என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் இருந்தது, நீளம் குறைக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய பேன்ட். இடது காலில் பெட்டியின் உருவம் அப்படியே அச்சாக விழுந்திருக்கிறது. அது இப்போது வழக்கில் சான்றாகப் பறிமுதல் செய்யப்பட்டு, பல்செட்டுக்குப் பக்கத்தில் முத்திரையோடு இருக்கிறது. உங்கள் தங்கை சொல்லச் சொன்னாள்: உரியவர் நேரில் வந்து, போட்டுப் பார்த்து, அடையாளம் காட்ட வேண்டுமாம்.